பட்டாசு ஏன் நகரவில்லை?

"குதிரையா? நல்லா இருக்குதே கதை!" என்றார் அப்பா கோபி. "வாசப்படி இறங்கவே தடுமாறுற. உனக்கு எதுக்கு இந்தப் பேஜாரு?"

அம்மா அருணா அசரவில்லை. "நான் ஏறத்தான் போறேன்."

பத்து வயது இளவரசி உடனே அம்மா கட்சியில் சேர்ந்துகொண்டாள். "ஏறட்டும்பா!"

அம்மாவுக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய். மூளை போடும் உத்தரவு நரம்பு வழியாகக் கால்களுக்குச் சரியாகப் போய்ச் சேராது. கால் விறைத்துக்கொள்ளும், உடம்பு தள்ளாடும். அப்பா பயத்தில்தான் எதற்கெடுத்தாலும் "உன்னால முடியாது" என்பார். ஆனால் அதைக் கேட்டுக் கேட்டு அம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கடைசியில் அப்பா இறங்கி வந்தார். "டாக்டரே சரின்னுட்டாரு. அதனால ஒரே ஒரு நாள். மைதானத்தை முழுசா ஒரு சுத்து சுத்தணும். இல்லேன்னா இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது."

"சரி!" என்றாள் அம்மா.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு, திண்டிவனத்தைத் தாண்டி இருந்த குதிரைப் பயிற்சி மைதானத்தில் மூவரும் போய் இறங்கினார்கள். அன்று அங்கே திறப்பு விழா. குதிரை சுற்றிவரும் பாதையின் நடுவிலேயே இரண்டு பக்கமும் வாழைமரம் கட்டி, மாவிலைத் தோரணம் தொங்கவிட்டிருந்தார்கள்.

"குதிரை நடக்கிறப்போ, நம்ம இடுப்பும் நாமே நடக்கிற மாதிரி அசையும். உடம்பு சாயாம உட்காரப் பழகிக்கும்" என்றார் பிசியோதெரபிஸ்ட் ரோஜா மேடம். "வெயில் ஏறுறதுக்குள்ள முடிச்சிடணும். சூடு பட்டா இவங்களுக்குக் கால் சோர்ந்துடும்."

குதிரைக்குப் பெயர்தான் பட்டாசு. ஆள் பரம சாது. அம்மா தலைக்கவசம் மாட்டிக்கொண்டு, குதிரை ஏறுவதற்கென்று போட்டிருந்த மேடையிலிருந்து மெல்ல ஏறி உட்கார்ந்தாள். மேடம் கயிற்றைப் பிடிக்க, இரண்டு பக்கமும் உதவியாளர்கள் கூடவே நடந்தார்கள். அம்மாவின் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு!

பாதிச் சுற்று வந்தது. வாழைமரங்களுக்கு முன்னால் பட்டாசு சட்டென்று நின்றுவிட்டது.

கயிற்றை இழுத்தார்கள். கேரட் காட்டினார்கள். வெல்லம் கொடுத்தார்கள். வெல்லத்தைத் தின்றுவிட்டு அப்படியே நின்றது.

"அப்பவே சொன்னேன்ல? இறக்குங்க மேடம்" என்றார் அப்பா.

"நான் இறங்க மாட்டேன்!" என்றாள் அம்மா. அவள் கண் கலங்கியிருந்தது.

வெயில் ஏறிக்கொண்டே வந்தது. இளவரசிக்கு ஆத்திரமும் அழுகையும் முட்டிக்கொண்டு வந்தன. அவள் பட்டாசையே உற்றுப் பார்த்தாள். அதுவோ வாழைமரத்தையே பார்த்துக்கொண்டு, யாருக்கோ காத்திருப்பதுபோல் நின்றது.

"மேடம், பட்டாசு இதுக்கு முன்னாடி எங்க வேலை பார்த்துச்சு?"

"புதுச்சேரியில. மாப்பிள்ளை ஊர்வலத்துக்குப் போய்க்கினு இருந்துச்சு."

"அய்யய்யோ!" இளவரசி துள்ளினாள். "இது கல்யாண மண்டபம்னு நினைச்சுக்கினு நிக்குது! ஆரத்தி எடுக்காம மாப்பிள்ளை எப்படி உள்ள போவாரு?"

அப்பா சிரித்தார். "ஏய், விளையாடற நேரமா இது?"

"நீங்க சும்மா இருங்கப்பா!" என்றாள் இளவரசி.

அவள் ஓடிப்போய் விழாவுக்கு வைத்திருந்த தட்டை எடுத்து, தண்ணீரில் மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்து ஆரத்தி கரைத்தாள். கற்பூரம் வைக்கவில்லை, நெருப்பைக் கண்டு குதிரை மிரண்டால் அம்மா விழுந்துவிடுவாளே! மேடம் காட்டிய இடத்தில் நின்று, அம்மாவுக்கும் பட்டாசுக்கும் சேர்த்து மூன்று முறை சுற்றினாள். பிறகு ஓரமாகப் போய்த் தண்ணீரைக் கொட்டினாள்.

பட்டாசு தலையை ஆட்டியது. டக், டக் என்று தோரணத்துக்குள் நுழைந்து நடந்தது.

"அடேங்கப்பா!" என்று மேடம் வாய்விட்டுச் சிரித்தார். அம்மா முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, மீதிச் சுற்றையும் முடித்தாள்.

அப்பா ஓடிவந்து பாதையிலேயே நின்றார். "அடுத்த வாரம் எத்தனை மணிக்கு வரணும்னு கேட்டுக்கினு வர்றேன்" என்றார்.

"அதை நானே கேட்டுக்கிறேன்" என்றாள் அம்மா, குதிரை மேலிருந்தபடி. "நீங்க முதல்ல வழிய விடுங்க!"