மூன்று மூட்டை வெல்லம் கரைந்த வழக்கு

ஓசூர் தாலுகாவில் நடக்கும் எந்தக் குற்றமும் இனித் தன் கண்ணுக்குத் தப்பாது என்று வெங்கடசாமி அறிவித்தது 1957ஆம் வருஷம், மே மாதம் பதினெட்டாம் தேதி, சனிக்கிழமை. சேலம் கல்லூரியில் அவன் ஒரு வருஷம் தர்க்க சாஸ்திரம் படித்திருந்தான். தேர்வு முடிவு இன்னும் வராததால் அறிவிப்புக்குத் தடங்கல் ஏதும் இல்லை. கேட்டுக்கொண்டிருந்தவர் குழாய் ரிப்பேர் திம்மப்பன் ஒருவர்தான்.

"அப்படீங்களா சின்னய்யா," என்று சொல்லிவிட்டு அவர் புறக்கடைக் குழாயைத் திறந்தார்.

மணி எட்டு இருபது. மாமா நாராயணப்பன் வீட்டு ஷவர் வால்வு கெட்டு, மூடினாலும் ஒழுகியது. அதை மாற்றுவதற்காகத் திம்மப்பன் மொட்டைமாடித் தொட்டி வால்வை மூடிவிட்டு இறங்கியிருந்தார்.

"மேலே மூடிட்டீங்க. அப்புறம் கீழே எதுக்குத் திறக்கறீங்க?"

"மூடிக்கிச்சான்னு பாக்கத்தாங்க."

"மூடினது யாரு?"

"நான்தான்."

"மூடினதை மூடினோமான்னு பாக்கறவன், நாளைக்குப் பொறந்தோமான்னும் பாப்பான்."

திம்மப்பன் சிரித்துக்கொண்டே குழாயைப் பார்த்தபடி நின்றார். தண்ணீர் சொட்டி ஓயும் வரை காத்திருப்பது படித்தவனுக்கு அழகில்லை என்று வெங்கடசாமி புத்தகத்தோடு முன்வாசலுக்கு நடந்தான்.

"கெம்பம்மா, நான் கீழேருந்து குரல் குடுத்தா வால்வைத் திற!" என்று திம்மப்பன் மாடியைப் பார்த்துக் கத்துவது கேட்டது.

மாடியில் மாங்காய்க்கு உப்புப் பிசறிக்கொண்டிருந்த வேலைக்காரி கெம்பம்மா, "ஆகட்டும்ண்ணா! பம்பு அப்பவே சாலு பண்ணி தொட்டிய ரொப்பிட்டேன்," என்றாள். அவள் ஆனேக்கல் பக்கத்துக் கன்னடக்காரி.

அரை மணி கழித்துப் புறக்கடையில் அத்தை சாந்தம்மா மாமாவின் தலையில் நல்லெண்ணெய் ஊற்றினாள். "சாலு! சாலு!" என்று மாமா அலறினார். வெங்கடசாமி பக்கத்தைப் புரட்டினான். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், தாலுகா கச்சேரியில் தமிழ் என்று வாழ்கிற குடும்பத்தில் யார் எதை அலறினாலும் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

ஒன்பது ஐந்துக்கு அத்தை உக்கிராண அறைக் கதவைத் திறந்தாள்.

மகள் கல்யாணத்துக்கு வாங்கி வைத்த மூன்று மூட்டை வெல்லம் கணுக்காலளவு தண்ணீரில் உட்கார்ந்திருந்தது. இரண்டு மூட்டைகள் உயிரை விட்டிருந்தன. மூன்றாவது இழுத்துக்கொண்டிருந்தது. பக்கத்துக் குளியலறையில், ஷவர் வால்வைக் கழற்றிய ஓட்டை வழியே தொட்டி முழுவதும் வடிந்து முடிந்திருந்தது. திருகாணி விழாமலிருக்க ஜலதாரையில் திம்மப்பன் துணி அடைத்திருந்ததால், தண்ணீருக்கு வெல்லத்தைத் தவிர வேறு போக்கிடம் இல்லை.

மாமா எண்ணெய் வழிய முன்வாசலிலிருந்து ஓடிவந்தார்.

"தொட்டிய மூடாம வால்வைக் கழட்டியிருக்கே! பையைத் தூக்கு. திங்கக்கிழமை நம்ம ரைஸ்மில் குழாய் வேலைக்கும் நீ வரவேண்டாம்."

"மூடினேன் சாமி. சாமி சத்தியமா மூடினேன்," என்றார் திம்மப்பன். ரைஸ்மில் வேலையை நம்பி அவர் பெங்களூர் வேலையை விட்டிருந்தார். புது வால்வும், பாதி சுற்றிய சணலும் கையில் அப்படியே இருந்தன. முன்வாசலில் உட்கார்ந்து அதைச் சுற்றிக்கொண்டிருந்ததை மாமாவே வெயில் காய்ந்தபடி பார்த்தவர்.

வெங்கடசாமி தொண்டையைச் செருமினான். "யாரும் நகரக் கூடாது."

அவன் முதலில் போனது புறக்கடைக்கு. திறந்த குழாயின் அடியில் ஒரு கிண்ணம். அதில் சீயக்காய் நுரைத்துப் பொங்கி வழிந்திருந்தது.

"அத்தை, இதை இங்கே எப்ப வச்சீங்க?"

"எண்ணெய் வைக்கறதுக்கு முன்னால. எட்டே முக்கால் இருக்கும்."

"அப்ப குழாய்ல தண்ணி வந்துதா?"

"வந்தா அங்க வைப்பேனா? வெறும் பொடிடா அது!"

"குழாய் திறந்துதான் இருந்தது. ஆனா எட்டே முக்காலுக்குப் பொடி நனையல. ஆக, வால்வு மூடித்தான் இருந்தது. யாரோ அப்புறம் திறந்திருக்காங்க. மாடியில இருந்தது யாரு?"

எல்லாரும் கெம்பம்மாவைப் பார்த்தார்கள். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"நானுதான் திறந்தேன் சாமி. சொன்னாங்க, உப்புக் கையக் கழுவிட்டுத் திறந்தேன்."

"சொன்னது யாரு? திம்மப்பனா?"

"இல்ல. யஜமானரு குரலு."

"நானா?" மாமா துள்ளினார். "தலையில எண்ணெயோட உக்காந்திருந்தவன் எதுக்குடி வால்வைத் திறக்கச் சொல்றேன்? பொய்!"

"அவரு என்னைத்தான் நிறுத்தச் சொன்னாரு," என்றாள் அத்தை. "நான் உடனே நிறுத்திட்டு அடுப்படிக்குப் போயிட்டேன்."

ஒருத்தி நிறுத்தினாள், ஒருத்தி திறந்தாள். குரல் ஒன்று. வெங்கடசாமி கண்ணை மூடிக்கொண்டான். மூடிய கண்ணோடு, "பம்பைப் போடுங்க. ஷவர் ஓட்டையில கட்டையை அடிங்க. கெம்பம்மா, வால்வை மூடிட்டு மாங்காய்கிட்ட போய் உக்காரு. காலையில செஞ்ச மாதிரியே செய். மாமா, நீங்க இங்க. அத்தை, எண்ணெய்," என்றான்.

"மறுபடியுமா?" என்றார் மாமா.

"நீதி வேணுமா வேண்டாமா?"

அத்தை தாராளமாக ஊற்றினாள். எண்ணெய் கண்ணில் இறங்கியது.

"சாலு! சாலு! சாலு!"

அத்தை கையை நிறுத்தினாள். மாடியில் வால்வு கிரீச்சிட்டது. குழாய் இருமி, மாமாவின் காலில் தண்ணீரைக் கொட்டியது.

"அத்தைக்குத் தெலுங்கு. அதுல சாலுன்னா 'போதும்'னு அர்த்தம்," என்றான் வெங்கடசாமி. "கெம்பம்மாவுக்குக் கன்னடம். பம்பை சாலு பண்ணினேன்னு சொன்னா, ஓட விட்டேன்னு அர்த்தம். குரல் வந்தா திறன்னு திம்மப்பன் சொல்லியிருந்தாரு. குரலும் வந்தது. ரெண்டு பேருமே உங்க பேச்சைத் தட்டல மாமா. குற்றவாளி என் முன்னாலதான் உக்காந்திருக்காரு, தலையில ரெண்டு தடவை எண்ணெயோட."

கெம்பம்மாவின் சாலு, மாமாவின் சாலு இரண்டுமே காலையில் தன் காதில் விழுந்திருந்தன என்பதை அவன் விளக்கத்தில் சேர்க்கவில்லை.

மாமா நனைந்த காலை உதறினார். பிறகு, "திம்மப்பா, வேலைய முடி. திங்கக்கிழமை ஏழு மணிக்கு மில்லுல இரு," என்றார். "கெம்பம்மா, இறங்கி வந்து காப்பி குடி. இனிமே இந்த வீட்டுல யாரும் சாலுன்னு சொல்லக் கூடாது."

"எண்ணெய் வழிஞ்சா?" என்றாள் அத்தை.

"வழியட்டும்."

மணி பதினொன்று நாற்பது. திம்மப்பன் குளியலறையிலிருந்து குரல் கொடுத்தார். "சின்னய்யா, வால்வை நீங்களே மூடிட்டு வர்றீங்களா? கெம்பம்மா அதை இனி தொடமாட்டாளாம்."

வெங்கடசாமி மாடியேறி, சக்கரத்தை அது நிற்கும் வரை சுற்றி மூடிவிட்டு இறங்கினான். புறக்கடையில் யாரும் இல்லை. இடப்பக்கம் பார்த்தான். வலப்பக்கம் பார்த்தான். குழாயைத் திறந்தான். தண்ணீர் சலசலத்து, நூலாக இளைத்து, சொட்டியது.

"மூடியாச்சுங்களா?" என்றார் திம்மப்பன் உள்ளிருந்து.

"அது எப்பவோ," என்றான் வெங்கடசாமி, குனிந்தபடியே. குழாயின் வாயில் இன்னும் ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது.