பதினேழாம் நம்பர் பெல்

என் தங்கச்சி வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், காலை ஏழு மணிக்கு நானே அவளை சைக்கிளில் உட்காரவைத்து லோகோ ஷெட்டுக்குக் கூட்டிப்போனேன். கேட் எங்கே, சுவர் எங்கே என்று தெரியாத அளவுக்குப் பனி. அவள் காலில் செத்துப்போன மாப்பிள்ளையின் பூட்ஸ். அளவு பெரிது என்பதால் உள்ளே காகிதம் அடைத்திருந்தாள். புதுசு தருவார்கள் என்று படித்துப் படித்துச் சொன்னேன். கேட்டால்தானே.

"எந்த எஞ்சின்ணா?" என்றாள்.

புரியாத மாதிரி, "இங்க ஆறு நிக்குது. எல்லாத்தையும்தான் பாக்கப் போற" என்றேன்.

"அவர் செத்த எஞ்சினைக் கேட்டேன்."

கடைசித் தண்டவாளத்தைக் காட்டினேன். பதினேழாம் நம்பர். காட்டிய கையைச் சட்டென்று பைக்குள் விட்டுக்கொண்டேன். குளிர் என்று அவள் நினைத்திருப்பாள்.

எங்கள் வேலை வெளியே யாருக்கும் தெரியாது. ரயில் ஓட்டுகிறவனுக்கு மரியாதை. நிற்கிற எஞ்சினைப் பார்த்துக்கொள்கிறவனை எவன் மதிக்கிறான்? டீசல் எஞ்சின் இந்தக் குளிரில் ஆறிப்போனால் தொலைந்தது. எண்ணெய் பிசின் மாதிரி இறுகிவிடும். உள்ளே இருக்கும் தண்ணீர் உறைந்தால் இரும்பே விரிசல் விட்டுவிடும். அதனால் ஓடாத நேரத்திலும் அதைச் சூடாகவே வைத்திருக்க வேண்டும். முன்பெல்லாம் நாள் முழுக்க ஓடவிட்டே வைத்திருந்தார்கள். இப்போது ஒரு பெட்டி பொருத்திவிட்டார்கள். தண்ணீரின் சூடு குறைந்தால் எஞ்சின் தானாகக் கிளம்பும். சூடு ஏறியதும் தானாக நின்றுவிடும். கிளம்புவதற்கு முன்னால் அரை நிமிடம் பெல் அடிக்கும், உள்ளே யாராவது வேலை செய்துகொண்டிருந்தால் வெளியே வந்துவிடட்டும் என்று.

உள்ளே போவதற்கு முன் கேபினுக்குப் போய் ஆட்டோ சுவிட்சை அணைக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. யாரும் அணைப்பதில்லை. திரும்பப் போட மறந்துவிட்டால் எஞ்சின் ஆறிவிடும், ஃபோர்மேன் பரம்பரையையே இழுத்துத் திட்டுவார். அதுதான் பெல் இருக்கிறதே, அரை நிமிடம் போதாதா? அந்தப் பெல்லை நம்பித்தான் எல்லோரும் உள்ளே போனோம். மாப்பிள்ளையும் அப்படித்தான் போனார்.

ஆறு எஞ்சினுக்கு ஆறு பெல். எப்போது பார்த்தாலும் ஏதாவது ஒன்று அலறிக்கொண்டிருக்கும். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிடும். பதினேழு எங்கள் ஓய்வறை ஜன்னலை ஒட்டி நிற்கும். போன வருடம் ஒரு மத்தியானம், சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் கண்ணயரலாம் என்று, என் பழைய சட்டையின் கையைக் கிழித்து அந்தப் பெல்லின் சுத்திக்கும் கிண்ணத்துக்கும் நடுவே திணித்தேன். அரை மணி நேரத்துக்குத்தான். அதற்குள் மாப்பிள்ளை, ஒழுகுகிற தண்ணீரைத் துடைக்க, எஞ்சின் கிளம்பினால் பெரிய விசிறி சுழலும் ஃபேன் அறைக்குள் போவார் என்று நான் கனவா கண்டேன்?

எஞ்சின் கிளம்பிய சத்தத்தில்தான் விழித்தேன். ஓடினேன். ஆட்கள் வருவதற்குள் துணியை உருவிப் பைக்குள் போட்டுக்கொண்டேன். அதற்கப்புறம்தான் மாப்பிள்ளையைப் போய்ப் பார்த்தேன்.

விசாரணையில் பெல்லைப் பரிசோதித்தார்கள். கணீரென்று அடித்தது. பெல் அடித்தும் வெளியே வரவில்லை என்றால் ஆள் குடித்திருக்க வேண்டும் என்று ஒருவர் சொன்னார். "குடிப்பாராப்பா?" என்று என்னைக் கேட்டார்கள். தலையைக் குனிந்துகொண்டேன். அதை 'ஆமாம்' என்று எழுதிக்கொண்டார்கள். ஒரு நாளும் தொட்டதில்லை அந்த மனுஷன். அன்றிலிருந்து தெருவில் என் தங்கச்சிக்குக் குடிகாரன் பெண்டாட்டி என்று பேர்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அது நீலக்கட்டம் போட்ட சட்டை. ஒரே துணியில் எனக்கொன்று, அவருக்கொன்று என்று தங்கச்சி தைத்துக்கொடுத்தது. அவருடையதை அன்று போட்டிருந்தார், அது அவரோடு போய்விட்டது. என்னுடையதை, கிழித்த சட்டைக் கையோடு சேர்த்து எரித்தேன். சாம்பலைக் கிளறியும் பார்த்தேன். அந்தத் துணியில் ஒரு நூல்கூட மிச்சமில்லை.

தங்கச்சி சேர்ந்த அந்த முதல் நாள், காலை பத்து மணி இருக்கும். தங்கச்சி முதல் லைனில் தண்ணீர் அளவு பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஓய்வறையில் இருந்தேன். திடீரென்று ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பதினேழு கிளம்பிவிட்டது.

பெல் சத்தம் கேட்கவே இல்லை.

போய்ப் பார்த்தேன். பெல்லுக்குள் துணி இருந்தது. நீலக்கட்டம்.

யாரோ விளையாடுகிறான், எவனோ என்னை அன்று பார்த்திருக்கிறான் என்று மனதைத் தேற்றிக்கொண்டு துணியை உருவினேன். தொட்டால் ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு இரும்பு குளிர்ந்து கிடந்தது. துணி மட்டும் சூடாக இருந்தது. இப்போதுதான் ஒருவன் உடம்பிலிருந்து கழற்றின மாதிரி ஒரு சூடு. குளிர்காயும் பீப்பாயில் போட்டு, எரிந்து முடியும்வரை பக்கத்திலேயே நின்றேன்.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தோம். தங்கச்சி மூக்கைச் சுளித்தாள்.

"துணி கருகுற வாசனை வருதேண்ணா."

"பீப்பாயில எவனாவது எதையாவது போட்டிருப்பான். சாப்பிடு."

அவள் சாப்பிடவில்லை. "ஏண்ணா, பெல்லு இவ்ளோ சத்தமா அடிக்குதே. அவருக்கு எப்படிக் கேக்காம போச்சு?"

"விதி. விடேன்."

"இதைத் தெரிஞ்சுக்கத்தாண்ணா இந்த வேலையைக் கேட்டு வாங்கினேன்" என்றாள்.

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவள் மேல் எனக்கென்ன கோபம்? பயம்தான் அப்படி வந்தது. எழுந்து கை கழுவப் போனேன். போகிற வழியில் பதினேழைப் பார்த்தேன்.

மறுபடியும் துணி.

இந்த முறை இரண்டு கையாலும் இழுக்க வேண்டியிருந்தது. அதில் ஒரு பொத்தான் இருந்தது. நான் கிழித்த கையில் பொத்தானே கிடையாது. எப்போதோ அறுந்து விழுந்துவிட்டது. எரிக்கத் தைரியம் வரவில்லை. சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டேன். சாயங்காலம்வரை தொடையில் அந்தச் சூடு இருந்துகொண்டே இருந்தது.

அப்போதே அவளிடம் சொல்லியிருக்கலாம். பதினேழு பக்கம் போகாதே, அந்தப் பெல்லை நம்பாதே என்று இரண்டு வார்த்தை. ஏன் என்று கேட்பாளே! அந்த ஒரு கேள்விக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

நாலு மணிக்குப் பனி மறுபடி இறங்கியது. ஷிப்ட் முடிகிற நேரம். தங்கச்சியைத் தேடினேன். காணவில்லை.

"உன் தங்கச்சியா? பதினேழுல தண்ணி ஒழுகுதுன்னு துணி எடுத்துட்டுப் போச்சு" என்றார் ஃபோர்மேன்.

பைக்குள் கையை விட்டேன். பை காலியாக இருந்தது.

ஓடினேன். பெல்லுக்குள் துணி, கல் மாதிரி இறுகிப்போய். அதற்கு நடுவில் சுத்தி துடித்துக்கொண்டிருந்தது. சத்தமே இல்லாமல் அடித்துக்கொண்டிருந்தது. அரை நிமிடம் எப்போது தொடங்கியதோ தெரியாது. கேபினுக்கு ஓடி சுவிட்சை அணைக்க நேரமில்லை. துணியை இழுத்தேன், வரவில்லை.

"வெளிய வா! பெல்லு அடிக்காது, வெளிய வாம்மா!"

கத்திக்கொண்டே ஃபேன் அறைக்குள் பாய்ந்தேன்.

உள்ளே அவள் இல்லை.

அந்தப் பக்கத்துக் கதவு திறந்திருந்தது. வெளியே, பனியில், துடைக்கிற துணியோடு தங்கச்சி நின்றுகொண்டிருந்தாள்.

"அண்ணா! பெல்லு அடிக்குதே, ஏன் உள்ள போற? வெளிய வா!"

பெல்லா?

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

வெளியே போகத் திரும்பினேன். பின்னாலிருந்து ஒரு கை என் வலது மணிக்கட்டைப் பிடித்தது. முரட்டுத்தனமாக அல்ல. வீட்டுக்கு வந்தவரை, கொஞ்சம் இருந்துவிட்டுப் போங்கள் என்று பிடிக்கிற மாதிரி.

சூடான கை.

எஞ்சின் கிளம்பியது.

ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது தங்கச்சி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். என் வலது கை முழங்கையோடு முடிந்திருந்தது. அழுதழுது அவள் முகம் வீங்கியிருந்தது.

"மூணு லைன் தள்ளி இருந்தவங்களுக்கே கேட்டுச்சுண்ணா. உனக்கு ஏன் கேக்கல?" என்றாள்.

சொல்லிவிட்டேன். சட்டைக் கை, மத்தியானத் தூக்கம், குனிந்த தலை, எல்லாவற்றையும். முடிந்ததும் எழுந்து, என் போர்வையைச் சரிசெய்தாள்.

"அவர் குடிக்கலைன்னு உனக்குத் தெரியும்."

"தெரியும்மா."

"ஒரு வருஷமா என் வீட்லயே சாப்பிட்ட."

போனவள்தான், பிறகு வரவே இல்லை. இப்போது தெருவில் பார்த்தாலும் யாரோ மாதிரி போகிறாள். எனக்கு வேண்டியதுதான்.

ஆபீசிலும் எல்லாவற்றையும் எழுதிக்கொடுத்தேன். வந்து பார்த்தார்கள். பெல்லுக்குள் துணி இல்லை, திணித்த அடையாளமும் இல்லை. அன்று பெல் தெளிவாக அடித்ததாக மூன்று பேர் கையெழுத்துப் போட்டார்கள். பெல் அடித்த பிறகும் ஒருவன் உள்ளே ஓடினால் என்ன அர்த்தம்? நான் குடித்திருந்ததாக எழுதி முடித்துவிட்டார்கள். வலியில் உளறுகிறான், பாவம் என்று சொல்லிவிட்டார்கள். மாப்பிள்ளையின் பேரில் எழுதினது எழுதினபடியே இருக்கிறது.

இப்போது எனக்குச் சைக்கிள் பெல் கேட்பதில்லை. வாசல் மணி, போன் மணி, எதுவுமே கேட்பதில்லை. பேச்சு மட்டும் கேட்கிறது. டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, காது சுத்தமாக இருக்கிறது என்றார்.

இன்று காலை முகம் கழுவும்போது காதுக்குள் ஏதோ உறுத்தியது. இருக்கிற ஒரு கையால் தடவினேன். நூல் முனை ஒன்று தட்டுப்பட்டது. பிடித்து இழுத்தேன்.

நூல் அல்ல, துணி.

ஒரு சாண் வந்தது. பிறகு ஒரு முழம். நீலக்கட்டம். டீசல் வாசனை. உடம்புச் சூடு.

காலையிலிருந்து இழுக்கிறேன். இன்னும் வந்துகொண்டே இருக்கிறது.