பெல்க்ரோவ் வீட்டு வெள்ளிக் கிண்ணங்கள்

கண்ணாடி அலமாரியில் ஒரு கிண்ணம் கூடுதலாக இருந்தது.

பெல்க்ரோவ் வம்சத்துப் பிள்ளை ஒவ்வொன்றுக்கும் குடும்பப் பெயர் பொறித்த வெள்ளிக் கிண்ணம் உண்டு. ஆள் போய்விட்டால் கவிழ்த்து வைப்பார்கள். இரண்டு கவர்னர்கள், ஒரு நீதிபதி, கல்லூரிக்கும் பாலத்துக்கும் பெயர் கொடுத்த பெரிய மனிதர்கள், எல்லாரும் அங்கே கவிழ்ந்துதான் கிடந்தார்கள். கடைசியில் கவிழ்ந்திருந்த இரண்டு சின்னக் கிண்ணங்கள் இந்த வீட்டு மருமகள் டெல்ஃபினாவின் வயிற்றிலேயே அடங்கிப்போன பிள்ளைகளுக்கு முன்கூட்டியே செய்து வைத்தவை. இப்போது வயிற்றிலிருக்கும் மூன்றாவதாவது தங்க வேண்டும். அதற்காகவே, கிளாஸ்டர் துறைமுகத்தில் மீன்பிடிக்கும் தன் அப்பாவின் சில்வெய்ரா என்ற பெயரைத்தான் பிள்ளைக்கு வைப்பது, கிண்ணமே செய்யக்கூடாது என்று கணவனிடம் சத்தியம் வாங்கியிருந்தாள்.

புதுக் கிண்ணம் நிமிர்ந்து பளபளத்தது. பெல்க்ரோவ் என்று பொறித்து, முன்பெயருக்கு இடம் விட்டிருந்தது.

"ஆல்டன், சத்தியம் பண்ணினியே!"

"அம்மா விடலடி. வெறும் கிண்ணம்தானே?"

"மீன் வாடை அடிக்கிற பேரோடயா இந்த வீட்டுப் புள்ளை பொறக்கும்?" மாமியார் அகஸ்டா சாப்பாட்டு மேசையிலிருந்தே சிரித்தாள். "வாம்மா, வான்கோழி ஆறுது."

"அலமாரிச் சாவியக் குடுங்க அத்தை."

"கடவுளுக்கு நன்றி சொல்ற பண்டிகை நாள்ல சண்டை வேண்டாம். உக்காரு."

உட்கார்ந்தாள். நவம்பர் மாலை அதற்குள் இருண்டிருந்தது; வறுத்த வான்கோழியின் நெய் மணத்துக்கு அடியில் பழைய வெள்ளியின் களிம்பு வாடை ஒன்று மெல்ல எழுந்து தொண்டையில் ஒட்டியது, ஜன்னலுக்கு வெளியே மேப்பிள் மரத்தின் மொட்டைக் கிளைகள் கண்ணாடியை உரசிக்கொண்டே இருந்தன. வயிற்றுக்குள் பிள்ளை உதைத்தது. சட்சட்டென்று இரண்டு, கொஞ்சம் விட்டு ஒன்று. அவளுக்கு அது ஒன்றுதான் ஆறுதல்.

எல்லாரும் தலை குனிந்து நன்றி சொன்னார்கள்.

முதுகுக்குப் பின்னால் 'டக்' என்று ஒரு சத்தம்.

திரும்பினாள். அலமாரி பூட்டியே இருந்தது. புதுக் கிண்ணம் கவிழ்ந்திருந்தது.

வயிற்றில் கை வைத்தாள். அழுத்தினாள். அசைவில்லை.

"ஆல்டன்... புள்ளை..."

யாரும் தலை நிமிரவில்லை.

அப்போது கேட்டது. கண்ணாடிக்குள்ளிருந்து. கவிழ்ந்த வெள்ளிக்கு அடியிலிருந்து. சட்சட்டென்று இரண்டு. கொஞ்சம் விட்டு ஒன்று.

பக்கத்தில் இருந்த இரண்டு சின்னக் கிண்ணங்களும் பதிலுக்குத் தட்டத் தொடங்கின.