கராம்பு மணக்கவில்லை

கராம்பு மணக்கவில்லை. வீட்டு மூலையில் கிடந்த மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டு ஒரு பிடி அள்ளி, மூக்கோடு அப்பி, மூச்சை இழுத்து இழுத்துப் பார்த்தும் விஜிதாவுக்கு வெறும் தூசிதான் ஏறியது. பதினெட்டு வருஷமாக ரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டத்தில் கராம்பு காயப்போட்டு, ஈரம் பட்டதைக் கண்ணை மூடியே சொன்ன மூக்கு. பாவி மூக்கு, இப்படியா கைவிடும்?

எல்லாம் இந்த மனுஷனால் வந்த வினை. கம்பளியைத் தலைவரை இழுத்து, சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்த புருஷன் யோகேந்திரனை முறைத்தாள். வேலைத்தள வாசலில் காய்ச்சல் பார்க்கும் கருவியை ஏமாற்ற, ஒரு வாரமாகத் தினமும் இரண்டு பெனடோல் மாத்திரை விழுங்கிவிட்டு வேலைக்குப் போயிருக்கிறான். அன்றைய சம்பளத்துக்குப் பேர் விழுந்தால் போதும் அவனுக்கு. காலி அட்டைகளை அவன் கால்சட்டைப் பையில் கண்டபோது அவளுக்கும் காய்ச்சல். யாரும் வெளியே போகக்கூடாதென்று சுகாதார அதிகாரி வாசலில் நாடா கட்டிவிட்டுப் போய்விட்டார்.

"ஏங்க, என்கிட்டகூடவா மறைச்சீங்க?" என்று நேற்றுக் கேட்டாள். இருமினானே தவிர வாய் திறக்கவில்லை. ஒரு பதில் சொன்னால் போதும், மன்னித்துவிடுவாள். ரோஷத்துக்கு மட்டும் குறைச்சலில்லை.

பகலிலும் பனி வாசலை மூடிக்கிடந்தது. தோட்டத்து ஸ்டோரில் கராம்பு காயவைக்கும் மெஷின் ஓடுகிற மாதிரி எங்கேயோ ஒரு ரீங்காரம். தண்ணி பிடிக்கப் பீலிக்குப் போன அடுத்த வீட்டுப் பாப்பம்மா, மாஸ்க்குக்கு மேலே சேலைத் தலைப்பையும் பொத்திக்கொண்டு ஓடினாள். ஒரே சட்டியில் தின்றவள்!

போன் அடித்தது.

"அக்கா, நான் க்ளினிக் மிஸ் நப்லா பேசுறேன். ஏன் நாலு நாளா போன் எடுக்கல?"

"நேத்து செவ்வாக்கிழமைதானே மிஸ் பேசுனோம்?"

அந்தப் பக்கம் தாள் புரளும் சத்தம் கேட்டது.

"இன்னைக்குச் சனிக்கிழமை அக்கா. இது நுரையீரலோட நிக்கிற வைரஸ் இல்ல. மூளையும் குழம்பும், நாள் தெரியாது. ரத்தம் கட்டி நெஞ்சையும் அடைக்கும். அண்ணன்ட கால் விரல் என்ன நிறம், பாருங்க."

கம்பளி நுனியைத் தூக்கினாள்.

கறுப்பு. விரல், பாதம், கணுக்கால். எறும்பு வரிசை.

கட்டிலடியில் தேத்தண்ணிக் கோப்பைகள். ஒன்றல்ல, ஐந்து. எல்லாவற்றிலும் பூஞ்சணம்.

ரீங்காரம் ஸ்டோரிலிருந்து வரவில்லை. கம்பளிக்குள்ளிருந்து வந்தது.

"அக்கா? அக்கா, லைன்ல இருக்கீங்களா?"

தோளைப் பிடித்துத் திருப்பினாள். விறைத்த உடம்பு அப்படியே புரண்டது. வாய் திறந்திருந்தது. காய்ந்த நாக்கின் மேல் வெள்ளையாக இரண்டு பெனடோல். கடைசிவரைக்கும் மறைக்கப் பார்த்திருக்கிறான்.

"பாவி," என்றாள். "ஏங்க மறைச்சீங்க?"

அந்த வாய்க்குள்ளிருந்து அவன் இருமினான்.

மாத்திரைகள் அசையவில்லை.