தையல் பிரிந்த பாய்

“யோவ், இது கப்பல் பாயா, இல்ல நாலு நாய் இழுத்த துணியா?”

நனைந்த பாயைக் கொட்டகை வாசலில் இறக்கிவிட்டு நிமிர்ந்தான் சுக்கான்காரன். புருவத்தில் மழை சொட்டியது. எதிரே கோணி ஊசியும் கையுமாக நின்றாள் பாய் தைப்பவள். பெரிய கண்கள். கோபத்தில் இன்னும் பெரிதாகின. அவன் வந்த காரியத்தையே மறந்தான்...

“கடல் கொள்ளைக்காரங்க. ஒருத்தன் பாய்மரத்துல ஏறிக் கயித்த அறுத்தான். அவன உதச்சுத் தள்ளிட்டு, கத்திய பாய்ல குத்திப் பிடிச்சு மேலேருந்து சறுக்கி எறங்கினேன்.”

“ஏன், ஏணி இல்லையா?”

“ஏணியில அவனோட கூட்டாளிங்க ஏறிட்டு இருந்தாங்களே!”

சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பு அவளுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. கொட்டகையில் அவள் மட்டும்தான். அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். கப்பலேறிய அண்ணன் திரும்பவில்லை. அதிலிருந்து அவள் கரையில் போய் நிற்பதில்லை. தான் தைத்த பாய் கடலில் புள்ளியாவதைச் சன்னல் வழியே பார்ப்பாள். அப்புறம் ஊசியோடு பேசிக்கொண்டிருப்பாள்.

நீளக் கிழிசலை நடுத்தையல் போட்டு மூட்டிக் கொடுத்தாள். சரக்கோடு போன கப்பல், கொஞ்ச நாளிலேயே திரும்பி வந்தது.

“மறுபடியும் கொள்ளைக்காரங்க” என்றான்.

பாயை விரித்தாள். துணியில் ஒரு கீறல் இல்லை. அவள் போட்ட நடுத்தையல் மட்டும் நூல் நூலாகப் பிரிந்திருந்தது.

“ரொம்ப நல்ல கொள்ளைக்காரன்யா... துணிக்கு நோகாம, உக்காந்து பிரிச்சிருக்கான்!”

அவன் காதெல்லாம் சிவந்தது. “வெட்ட மனசு வரல... நீ தச்சதாச்சே.”

“எதுக்கு இந்த வேலை?”

“கப்பல் கெளம்பும்போது எல்லாருக்கும் கரையில கை காட்ட ஒரு ஆளு இருக்கும். எனக்கு யாரு? பாயப் பாத்துட்டு நிப்பேன். போன தடவ உன் தையல் தெரிஞ்சுது... எனக்கும் யாரோ இருக்கற மாதிரி இருந்துச்சு.”

பிரிந்த தையலில் ஓடத் தொடங்கிய ஊசி நின்றது. நானும் அந்தப் பாயைத்தானே பார்த்தேன்... நெஞ்சு சொன்னது, வாய் சொல்லவில்லை. வீம்பு. ஒருமுறை காத்திருந்து தோற்றது போதாதா?

“கடலுக்குப் போறவனுக்காக இன்னொரு தரம் காத்துக் கெடக்க என்னால ஆகாது. நாளைக்கு வந்து பாய வாங்கிட்டுப் போ.”

அவன் வெளியே மழையில் இறங்கினான்.

மறுநாள் அவள் மூட்டிக் கொடுத்த பாயோடு கப்பல் நங்கூரம் எடுத்தது. சன்னலில் நின்றாள். தளத்தில் எல்லோரும் கரையைப் பார்த்துக் கையசைத்தார்கள். ஒருவன் மட்டும் சுக்கானைப் பிடித்தபடி, கரைக்கு முதுகு காட்டி, பாயையே பார்த்து நின்றான்.

அந்த முதுகைப் பார்க்க அவளால் முடியவில்லை. ஊசியைப் போட்டுவிட்டு ஓடினாள். அண்ணன் போனபின் மிதிக்காத மணல்... முழங்கால் தண்ணீரில் போய் நின்றாள். ‘யோவ்’ என்று கூப்பிட வாயெடுத்தாள். வரவில்லை.

“ஏங்க...!”

அவன் திரும்பினான்.

“அடுத்த தடவ... பிரிக்காமலே வாங்க! நான் இங்கதான் நிப்பேன்!”

அவன் இரண்டு கையையும் தூக்கிவிட்டான். கப்பல் ஒரு பக்கமாகத் தடுமாறியது.

“டேய், சுக்கானப் பிடிடா!” கப்பல் தலைவரின் கத்தல் கரைவரை கேட்டது.

அவள் தனியாகச் சிரித்தாள். கண் நிறைந்து வழிந்தது. பாய் புள்ளியாகி மறைந்த பிறகும்... உயர்த்திய கையை அவள் இறக்கவில்லை.