தண்ணீர் ஊசி

நோட்டில் இருந்த அந்த வரியை ராஜாத்தி எழுதவில்லை.

‘மணி 2.00. நோயாளிக்கு ஒன்றுமில்லை. நடிப்பு.’

எழுத்து அவளுடையதுதான். ஆனால் இப்போதைய எழுத்து அல்ல. மூன்று வருடமாக அவள் பேனாவைப் பிடித்தால் விரல் கணுக்கள் எரியும், எழுத்து நெளிந்து கோட்டை விட்டு இறங்கிவிடும். இதுவோ நிமிர்ந்து நிற்கும் எழுத்து. வெள்ளை உடுப்பில், இடுப்பில் கத்தரிக்கோலோடு, பதினெட்டு வருடம் நர்ஸ் வேலை பார்த்த காலத்து எழுத்து. மதியம் இரண்டு மணிக்கு அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். கதவு உள்ளே தாழிட்டிருந்தது.

வெளியே ஆனிக் காற்று கோம்பை மலையிலிருந்து இறங்கி, தென்னைகளை ஒருபக்கமாகச் சாய்த்து, ஜன்னல் கொக்கியை விடாமல் ஆட்டிக்கொண்டிருந்தது.

அந்த நோட்டில் அவள் தன் நோயை எழுதி வந்தாள். எந்த மணிக்கு எந்த இடத்தில் வலி, பத்துக்கு எத்தனை என்று வார்டு வழக்கப்படி ஆரம்பித்தது, பிறகு பக்கம் பக்கமாக வளர்ந்தது. ரத்தத்தில் தெரியாத, படத்தில் தெரியாத வலி. மதுரை டாக்டர் அதற்கு ஒரு பெயர் சொன்னார். வீட்டில் அந்தப் பெயரைச் சொன்னபோது சிரித்தார்கள். தன்னைப்போல் படுத்திருக்கும் பெண்கள் படிக்கட்டும், புத்தகமாகப் போடலாம் என்று நினைத்திருந்தாள். இருநூறு பக்கத்தில் எழுத வேண்டிய ஒன்றை மட்டும் எழுதவில்லை. அதற்கு மட்டும் கை வரவில்லை.

கதவு தட்டப்பட்டது. சுவரைப் பிடித்துப் போய்த் தாழை நீக்கிவிட்டு மறுபடி கட்டிலில் விழுந்தாள். அண்ணன் ஈஸ்வரபாண்டி. கஞ்சி போட்ட சட்டை, நெற்றியில் திருநீறு.

“ஏத்தா, இன்னும் எந்திரிக்கலையா? நாலு மணிக்குப் பொண்ணு பாக்கச் சின்னமனூர்க்காரக வந்துருவாக.”

“கால ஊன முடியலண்ணே. இங்கன கட்டில்ல உக்காந்தபடியே பேசிக்கிறனே.”

“உக்காந்து பேச நீ என்ன கலெக்டரா?” அவர் சிரிக்கவில்லை. “பொண்ணோட ஆத்தாளுக்குப் பேரு வாயில நுழையாத சீக்குன்னு அவுக காதுல விழட்டும், பெறகு ஓவியாவ எவன் கேப்பான்? நம்ம வாசல்ல வந்தவுக யாரும் மூஞ்சியச் சுழிச்சுட்டுப் போனதில்ல. அந்த நோட்டப் பரண்ல போடு. கேட்டா என்ன சொல்லுவ?”

“எனக்கு ஒண்ணும் இல்லன்னு சொல்றேண்ணே.”

“சத்தமாச் சொல்லு.”

“எனக்கு ஒண்ணும் இல்ல.”

அவர் தலையசைத்துவிட்டுப் போனார். அவர்மேல் அவளுக்குக் கோபமில்லை. அவள் தாலி இறங்கிய பிறகு இந்த வீட்டைப் பதினோரு வருடம் தலைகுனியாமல் காத்தவர். இந்த மனைக்கு ஒரு பெயர் இருக்கிறது, அந்தப் பெயருக்குத் தன் உடம்பு கறையாகிவிட்டதே என்றுதான் அவள் கூசினாள்.

கதவு சாத்திய பிறகுதான் அந்த வாசனை வந்தது. ஸ்பிரிட். மதியம் சமைத்த சுண்டைக்காய்க் குழம்பின் மணத்தையும், காற்று கொண்டுவந்த செம்மண் வாடையையும் விலக்கிக்கொண்டு, ஊசி போடுமுன் பஞ்சில் நனைக்கும் அந்தக் குளிர்ந்த வாசனை கட்டிலைச் சுற்றி நின்றது. அலமாரிக்குப் பின்னால் ஒரு சத்தம்.

டக்.

கண்ணாடிக் குப்பியின் கழுத்தை உடைக்கும் சத்தம். ஒரு நாளைக்கு ஐம்பது முறை கேட்ட சத்தம்.

ஆறாம் கட்டில் அவள் நினைவில் வந்தது. மேகமலை ஏலக்காய் எஸ்டேட்டின் கூலி லயத்திலிருந்து வந்து படுத்த அக்கம்மாள். தலைமுடியில்கூட ஏலக்காய் மணக்கும். “ஒடம்பெல்லாம் வலிக்குது சிஸ்டர்” என்பாள். எல்லாப் பரிசோதனையும் சுத்தமாக வந்தது. அப்படிப்பட்ட பெண்களுக்கு வார்டில் ஒரு வைத்தியம் உண்டு, எந்தப் புத்தகத்திலும் இராது. ஊசியில் வெறும் தண்ணீரை ஏற்றிப் போடுவது. வலி போய்விட்டது என்றால் நடிப்பு. போகவில்லை என்றால் பெரிய நடிப்பு. “மகாராணிக்கு வெல ஒசந்த ஊசி” என்று ராஜாத்தி சொல்வாள். கூட இருக்கும் நர்ஸுகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

பன்னிரண்டு நாள் அந்த ஊசி. கடைசி நாள் அக்கம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “நீங்களாவது நம்புங்க சிஸ்டர்.” ராஜாத்தி கையை உதறிவிட்டுக் குறிப்பில் எழுதினாள்: நோயாளிக்கு ஒன்றுமில்லை. நடிப்பு.

மறுநாள் கட்டில் காலியாக இருந்தது. எங்கே போனாள் என்று யாரும் கேட்கவில்லை. அடுத்த ஆளுக்காக ராஜாத்திதான் விரிப்பை நீவிச் சரிசெய்தாள். விரிப்பு சூடாக இருந்தது.

இப்போது ரப்பர் செருப்பின் ஓசை. தரையில் ஒட்டி ஒட்டி எடுக்கும் ஓசை.

அவள் திரும்பவில்லை.

இடது கையில் குளிர்ந்த பஞ்சு பட்டது.

திரும்பினாள்.

வெள்ளை உடுப்பு. இடுப்பில் கத்தரிக்கோல். முப்பத்திரண்டு வயது முகம். தன் முகம்.

“மகாராணிக்கு வெல ஒசந்த ஊசி” என்றது அது.

ஊசி இறங்கியது. தண்ணீர் நரம்பில் ஓடியது. வலி போகவில்லை. எல்லா வலியும் அதனதன் இடத்தில் இருந்தது. குரல்தான் போயிற்று. கை போயிற்று. கால் போயிற்று.

அது நோட்டை எடுத்து எழுதியது. பிறகு அலமாரியைத் திறந்து, ஓவியா எடுத்துவைத்திருந்த கடுகு நிறப் பட்டுச் சேலையைக் கட்டியது. மூன்று வருடமாக ராஜாத்தியால் பிடிக்க முடியாத கொசுவத்தை ஒரே மூச்சில் மடித்துச் செருகியது. கதவைத் திறந்து, முன்கட்டுக்கு நடந்தது.

கார் வந்து நின்றது.

“வாங்க, வாங்க!” அவள் குரல்தான். நல்ல காலத்துக் குரல்.

“சம்பந்தியம்மா, ஒடம்புக்கு முடியலன்னு யாரோ சொன்னாகளே?” மாப்பிள்ளையின் தாய் மகாலட்சுமி கேட்டாள்.

“எனக்கா? சொன்னவுகளுக்குத்தான் கண்ணுல கோளாறு. எனக்கு ஒண்ணும் இல்ல.”

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனின் சிரிப்பு தனியாகக் கேட்டது. வாய்விட்ட, நிம்மதியான சிரிப்பு. மூன்று வருடத்தில் அந்தச் சிரிப்பை அவள் கேட்டதில்லை. அவருக்கு வேண்டிய தங்கச்சி கிடைத்துவிட்டாள்.

ஓவியா பூ எடுக்க உள்ளே வந்தாள்.

ஓவியா.

உதடு அசையவில்லை.

மகளின் பார்வை கட்டில்மேல் விழுந்து, நிற்காமல் கடந்து போனது. பூவைத் தலையில் சொருகிக்கொண்டவள், போகிற போக்கில் கலைந்த விரிப்பைப் பார்த்துக் குனிந்தாள். வந்தவர்கள் அறையைப் பார்க்கக்கூடும். கால்மாட்டிலிருந்து நீவிக்கொண்டே வந்தாள். முழங்கால். வயிறு. மார்பு. நெஞ்சின்மேல் அவள் கை ஒரு நொடி நின்றது.

“சூடா இருக்கு...”

“ஓவியா, வாத்தா!” வெளியிலிருந்து அம்மாவின் குரல்.

“இந்தா வந்துட்டேம்மா.”

விரிப்பை முகத்துக்கு மேல் இழுத்து, சுருக்கம் நீக்கி, மெத்தைக்கு அடியில் செருகிவிட்டுப் போனாள்.

வெள்ளை. நூலிழைக்கு அப்பால் மங்கிய வெளிச்சம். தலைமாட்டில் காற்று நோட்டைப் புரட்டும் சத்தம். அதில் என்ன எழுதியிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். ‘கட்டில் காலி.’

விரிப்புக்குள், அவளுக்கு வெகு பக்கத்தில், ஏலக்காய் மணத்தது.

ஈரமான ஒரு கை அவள் விரல்களுக்குள் விரல் கோத்தது. விடவில்லை.

“நான் நம்புறேன் சிஸ்டர்.”