நன்றிக்குப் பின் ஒரு சொல்

அறிவிப்பு 'நன்றி'யோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை.

"கோடை விடுமுறையில் குழந்தைகளைத் தனியாகக் கிணற்றில் குளிக்க விடாதீர்கள். வெளியூர் செல்வோர் காவல் நிலையத்தில் தகவல் சொல்லுங்கள். நன்றி" என்று பக்கத்துத் தெருவில் ஒலிபெருக்கி கரகரத்து ஓய்ந்தது. ரஞ்சனி முன்பே பதிவு செய்து கொடுத்த குரல்தான். பிறகு அதே குரல், மெல்ல, "வாரேன்" என்றது.

அவள் அதைப் படிக்கவில்லை. பஞ்சாயத்து கொடுத்த தாளில் அப்படியொரு சொல்லே இல்லை.

ஜன்னலில் நின்ற ரஞ்சனியைப் பார்த்து எதிர்வீட்டு ராஜம்மாள் வாசலில் சிரித்தாள். "ஏங்கண்ணு, பக்கத்துல நின்னாலே உன்ற பேச்சு கேக்காது. இன்னிக்கு ஊருக்கே கேக்குது பாரு!" சத்தம் வந்த திசையைப் பார்த்து, "வா சாமி, வா" என்றாள்.

இந்தப் பக்கம் புறப்படுகிறவர்கள் யாரும் 'போறேன்' என்பதில்லை. 'வாரேன்' என்றுதான் சொல்வார்கள். வீட்டிலிருப்பவர் வாயிலும் யோசிக்காமல் 'வா' என்று வந்துவிடும்.

உச்சிவெயில். கரண்டு போய் விசைத்தறிகள் ஓய்ந்திருந்தன. அக்கா மஞ்சுளா சூரமங்கலத்திலிருந்து வந்து லீவுக்கு விட்டுப்போன மகள் தன்ஷிகா, குளிர்ச்சிக்காகச் சிமெண்டுத் தரையில் கன்னத்தை வைத்துப் படுத்திருந்தாள். "கெணத்துப் பக்கம் மட்டும் உட்றாதடி" என்று பஸ் ஏறும்போதும் அக்கா சொல்லியிருந்தாள்.

அந்தக் கிணற்றடியில்தான் ரஞ்சனி அறிவிப்பைப் படித்தாள். பஞ்சாயத்து அலுவலகத்தில் மின்விசிறி இரைந்ததால் ஒலிபெருக்கி ஆட்டோக்காரர் சின்னராஜ் அங்கே கூட்டிப்போய்ப் பதிவு செய்தார். போன கோடையில் பிள்ளைகள் மூழ்கியதிலிருந்து அங்கே ஆள் நடமாட்டமில்லை. அவள் ஒரு வரி படிப்பாள். பாசி வாடையோடு கிணறு அதைத் திருப்பிச் சொல்லும். இயற்பியல் படித்தவள். எதிரொலிக்குப் பயப்படவில்லை. ஆனால் எதிரொலியில் சொன்ன சொல்தானே திரும்பி வரும்?

சின்னராஜுக்குப் போன் செய்தாள்.

"அண்ணா, கடைசில ஒரு சொல் வருதுங்க. நான் படிக்கலைங்க. நிறுத்திருங்க."

"எதைத் தங்கச்சி நிறுத்தறது? நான் சோத்துக்கு வந்து எந்நேரமாச்சு. மைக் செட்டு ஆஃபுல கெடக்குது. ஆட்டோ வெண்ணந்தூர் பங்க்குல நிக்குது."

போனை வைத்தாள். தெருமுனையில் அவள் குரல் கேட்டது. "வாரேன்."

ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். வெயிலைத் தவிரத் தெருவில் எதுவுமில்லை. ஒலிபெருக்கியின் கரகரப்பும் இப்போது இல்லை. வாசற்படியில் நின்று சொல்வதுபோல இருந்தது. முதல் வீட்டில் யாரோ தூக்கக் கலக்கத்தில் "வா கண்ணு" என்றார்கள். கதவு கிறீச்சிட்டது. ஊறிப்போன துணியின் வாடை, பாசியின் வாடை, சூடான தார்மேல் தண்ணீர் விழுந்தால் எழும் வாடை எல்லாம் கலந்து வந்தது. அடுத்த வீடு. "வாரேன்." "வா சாமி." கதவு.

ரஞ்சனி வாழ்க்கையில் முதல்முறையாகத் தெருவைப் பார்த்துக் கத்தினாள். "ராஜக்கா! பதில் சொல்லாதீங்க! கதவச் சாத்துங்க!"

"எங்க கண்ணு நிக்கற?" எதிர்வீட்டு இருட்டுக்குள்ளிருந்து ராஜம்மாள் கேட்டாள். "முன்னால இருந்தும் கூப்பிடற. கொல்லையில இருந்தும் கூப்பிடற..."

அதற்குமேல் அவள் பேசவில்லை.

ரஞ்சனி கதவைத் தாழிட்டாள். முதுகைச் சாய்த்து நின்றாள். பலகை சில்லென்றிருந்தது. இந்த வெயிலில்.

"வாரேன்."

தன்ஷிகா எழுந்தாள். கதவைப் பார்த்தாள். சித்தியைப் பார்த்தாள். பழக்கம்தான். வாய் திறந்துவிட்டது.

"வா..."

ரஞ்சனி பாய்ந்து அந்த வாயைப் பொத்தினாள். அதற்குள் சொல் வெளியே வந்திருந்தது.

"வாரேன்."

வாசலில் நிற்பவரிடம் இந்த வீட்டில் யாரும் சொல்லாத சொல். அவள் சொன்னாள்.

"போ."



"வாரேன்."

"வராத. இது எங்க ஊடு. எங்க புள்ள. போ!"

குரல் தாழவில்லை. கிணற்றுக்கு வாசித்துக் காட்டிய குரல் இல்லை இது. ஊருக்கே கேட்கும்.

ஜன்னல் வழியே தெரு தெரிந்தது. வீடுகளிலிருந்து பிள்ளைகள் வந்தார்கள். தலைமுடி சொட்டச் சொட்ட. ராஜம்மாளின் பிள்ளைகளும். ஒவ்வொருவரும் ஒரு கையை மேலே தூக்கியிருந்தார்கள். பெரியவர் ஒருவரின் விரலைப் பிடித்து நடப்பதுபோல. பக்கத்தில் யாருமில்லை. கிணற்றுத் திசையில் நடந்தார்கள்.

"நில்லுங்கடா! நில்லுங்கடா!"

ஒருவரும் திரும்பவில்லை.

தன்ஷிகாவின் வலது கையைப் பிடித்தாள். சின்னக் கை. சூடு இருந்தது. இழுத்து அணைத்தாள்.

பிள்ளை வரவில்லை.

இடது கை தோளுக்குமேல் உயர்ந்து, கதவுப் பக்கம் நீண்டிருந்தது. விரல்கள் எதையோ பற்றி மடங்கியிருந்தன. முழங்கை வழியே தண்ணீர் சொட்டியது.

"உடமாட்டேன்" என்றாள் ரஞ்சனி. பிடியை இறுக்கினாள்.

அந்தப் பக்கமும் இறுகியது.